ஏகாம்பரம் அவர்களே, எழுந்து நடக்கலாமே!

எல்லாக் குடும்பத்திலும் ஒரு பிராணி உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும், கொடுத்த காபியைக் குடித்து முடிப்பதற்குள் அந்த வீட்டுப் பெரியவர்களின் போனைக் கையில் வாங்கிக்கொண்டு, "ஐயய்யோ, இந்த ஆப் கூட இல்லையா உங்ககிட்ட?" என்று நெஞ்சில் கை வைக்கும். யாரும் கேட்காமலே நாலைந்து ஆப்களை இறக்கிக் கொடுத்துவிட்டுத்தான் செருப்பை மாட்டும். அது போன பிறகு அந்த வீட்டில் ஒரு வாரத்துக்கு யாருக்கும் யாரையும் போனில் கூப்பிடத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் அந்தப் பிராணி நான்தான்.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெங்களூர் அல்சூரில் அப்பா அம்மாவோடு வாசம். அடுத்தவர்கள் எழுதிய மென்பொருளில் குற்றம் கண்டுபிடிப்பது வேலை. (குற்றம் சொல்வதற்குச் சம்பளம் என்று கேள்விப்பட்டதும் அம்மா சொன்னாள்: "வூட்ல சும்மாவே செய்யறியேடி!") தண்ணீர் குடிக்கச் சொல்ல ஒரு ஆப், தூங்க வைக்க ஒரு ஆப், சரியாகத் தூங்கினேனா என்று காலையில் என்னைக் கண்டிக்க இன்னொரு ஆப் என்று நான் ஒரு தினுசாக வாழ்ந்துகொண்டிருந்தேன். அந்தத் திவ்யமான வாழ்க்கையை ஊருக்கெல்லாம் பகிர்ந்தளிக்கவும் துடித்தேன். அப்படிச் சிக்கியவர்தான் மர்பி டவுனில் இருந்த என் பெரியப்பா ஏகாம்பரம்.

பெரியப்பா கரண்ட் ஆபீஸில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு என்ற சொல்லை அவரைப்போல் மதித்தவர்கள் குறைவு. ஹாலில் ஜன்னல் ஓரமாக ஒரு பிரம்பு நாற்காலி. காலையில் அதில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்கு எழுவார், பிறகு படுக்கைக்கு எழுவார். உடம்பில் சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. "கொஞ்சம் எழுந்து நடங்களேன்" என்பதைப் பெரியம்மா மந்திரம்போல் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

"ஆயுசு பூரா கம்பம் ஏறியாச்சு சரசா. இனிமே உக்கார்றதுக்குத்தான் கவர்மென்ட் பென்ஷன் குடுக்குது" என்பார் அவர்.

அவர்களுக்கு ஒரே பெண், மலர் அக்கா. மெல்போர்னில் இருந்தாள். அப்பாவுக்கு ஒரு போனும் ஒரு டேப்லட்டும் வாங்கி அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "சுதா, அதுல என்னென்ன போடணுமோ எல்லாம் போட்டுக் குடுடி. அவரு நடக்கறாரா இல்லையான்னு எனக்கு இங்கேருந்தே தெரியணும்."

யாரிடம் வந்து என்ன கேட்கிறாள்! அன்றைக்கு நான் சாப்பிடக்கூட இல்லை.

எனக்கு உயிரான இரண்டு ஆப்களை முதலில் போட்டேன். ஒன்று, நடக்கச் சொல்லும் ஆப். சட்டைப் பையில் இருக்கும் போன் அடிகளை எண்ணும். வெகுநேரம் அசையாமல் இருந்தால், ஹாலில் இருக்கும் டேப்லட் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எழுப்பும், அதுவும் சுத்தத் தமிழில். அவர் நடந்தால் மெல்போர்னில் மகளுக்குச் செய்தி போகும். "பேர் என்ன போடட்டும் பெரியப்பா?" என்று கேட்டேன். "ஏகாம்பரம்னு போடு. மரியாதையா கூப்புடச் சொல்லு" என்றார்.

அடுத்த கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் குரல் கணீரென்று ஒலித்தது: "ஏகாம்பரம் அவர்களே! நீண்ட நேரமாக அசையாமல் இருக்கிறீர்கள். எழுந்து சற்று நடக்கலாமே!"

அடுக்களையிலிருந்து பெரியம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். "யார்டி அவ, என் வூட்டுக்காரர பேர் சொல்லி கூப்புடறவ?"

பெரியம்மா அந்தப் பெயரைத் தன் வாயால் சொன்னதே இல்லை. ஆஸ்பத்திரி கவுன்டரில் "பேஷன்ட் பேர்?" என்று கேட்டால் என் இடுப்பில் இடிப்பாள், நான் சொல்ல வேண்டும். நான் இல்லாத நாளில் பின்னால் நிற்பவர்களிடம் காஞ்சிபுரத்துக் கோயில் சாமி பெயரைக் கேட்டுச் சொல்ல வைத்தாள் என்றும் ஒரு கதை உண்டு. (பெரியப்பா கிளப்பிவிட்டது. நம்ப முடியாது.)

இரண்டாவது, கண்ணுக்கு ஓய்வு கொடுக்கும் ஆப். பெரியப்பா டேப்லட்டில் ஓயாமல் மல்யுத்தம் பார்ப்பார். ஒரு அளவுக்கு மேல் திரை ஓடினால் இந்த ஆப் எல்லாவற்றையும் மூடி, பச்சை இலைப் படம் ஒன்றைப் போட்டு, "கண்களை மூடுங்கள். நிம்மதியாக ஓய்வெடுங்கள்" என்று தாலாட்டும். நடுவில் நிறுத்த வேண்டுமானால் உரிமையாளர் கட்டை விரலை வைக்க வேண்டும். அந்த வசதியையும் நான்தான் போட்டுக் கொடுத்தேன். பெரியம்மா சீரியல் பார்க்கும்போது இலை வந்துவிட்டால், தூங்குகிற பெரியப்பாவை எழுப்பி விரலை வாங்க வேண்டும். அதற்காக என்னைத் திட்டாத நாள் கிடையாது.

பெரியப்பாவுக்குப் பிடித்த ஆப் ஒன்றே ஒன்றுதான். வாசலுக்கே தின்பண்டம் கொண்டுவந்து தருகிற ஆப். அதை நான் போடவில்லை, அவராகவே போட்டுக்கொண்டார். (மற்றதெல்லாம் "எனக்கு இன்னா தெரியும் சுதா, நான் பழைய காலத்து ஆளு". மைசூர்பாகுக்கு மட்டும் புதிய காலம்.)

நடக்கிற ஆப்பை அவர் சமாளித்த விதத்தையும் சொல்ல வேண்டும். சில நாள் துளிகூட நடக்க மாட்டார், சில நாள் மைசூர் வரைக்கும் போய் வந்த மாதிரி அடிகள் ஏறியிருக்கும். மலர் அக்கா பூரித்துப்போய் எனக்குப் போன் செய்வாள். என்ன விஷயம் என்று பார்த்தால், துணி துவைக்கும் நாளில் போனை வாஷிங் மெஷின்மேல் வைத்துவிடுவார். அது குலுங்கக் குலுங்க இவர் நடப்பார். பெரியம்மா கண்டுபிடித்துச் சொன்னபோது வீடே சிரித்தது. மலர் அக்கா அழுதுவிட்டாள். அவளுக்கு அப்போதே ஏதோ பயம் இருந்திருக்கிறது. எனக்குத்தான் இல்லை. வாஷிங் மெஷினையும் மனிதனையும் பிரித்தறியும் ஆப் வேறு ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன்.

ஒரு மழை நாள் காலையில், அதே பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தபடியே பெரியப்பா போய்விட்டார். பக்கத்தில் காபி பாதி இருந்தது. சட்டைப் பையில் இருந்த போனை யாரோ எடுத்து நாற்காலியிலேயே வைத்தார்கள்.

மலர் அக்காவுக்கு எட்டாவது மாதம். விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். போனில் அவள் அழுத அழுகையைக் கேட்க முடியவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள். "எனக்கு அவரு மூஞ்சிய காட்டுடி சுதா. வாய்க்கரிசி போடறப்ப என்னையும் கூப்புடு. நான் இங்க கையில அரிசி வெச்சுக்கறேன், நீ எனக்காகப் போடு. ஒரே பொண்ணு நான். அது போதும் எனக்கு."

"நான் பாத்துக்கறேன் அக்கா" என்றேன். இந்த வார்த்தையைச் சொல்லாமல் நான் எந்தக் காரியத்தையும் கெடுத்தது இல்லை.

சாவு வீட்டுக்கு மேனேஜர் குப்பு மாமா, பெரியம்மாவின் தம்பி. மேளத்துக்குச் சொல்வது, பூ, வண்டி, மின் மயானத்தில் நேரம் வாங்குவது எல்லாம் அவர் கையில். நான் போய், "மாமா, அக்காவுக்கு டேப்லட்ல காட்டப்போறேன். பெரிசா, தெளிவா தெரியும்" என்றேன்.

"இன்னாத்துக்கும்மா அது? போன்ல காட்டு, போதும்."

"போன்ல அவரு மூஞ்சி கட்டை விரல் அளவுதான் மாமா தெரியும்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். வாதாட நேரமில்லாமல் போய்விட்டார். அவர் சொன்னதைக் கேட்டிருக்கலாம். கேட்டால் நான் ஏன் இந்தக் கட்டுரையை எழுதப் போகிறேன்?

அடுப்பு மூட்டாத வீட்டில் சும்மா இருந்த குக்கரைக் கொண்டுவந்து ஸ்டூல்மேல் வைத்து, அதில் டேப்லட்டைச் சாய்த்தேன். பெரியப்பாவின் கால்மாட்டிலிருந்து முகம் நேராகத் தெரிந்தது. குளிப்பாட்டி, நெற்றியில் விபூதியிட்டு, கை கட்டை விரல் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். கால் கட்டை விரல்களும் அப்படியே. மலர் அக்கா முன்கூட்டியே இணைப்புக்கு வந்துவிட்டாள். கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். காலையிலிருந்து அந்தத் திரை ஓடிக்கொண்டே இருந்தது.

பெண்கள் சுடுகாட்டுக்குப் போகும் வழக்கமில்லை என்பதால் வீட்டிலேயே வாய்க்கரிசி. வெளியே தமட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். வண்டி டிரைவர் வாசலில் வந்து நின்று, "சார், லேட் ஆக்தாயிதே. ஒந்து கண்டெகே நம்ம ஸ்லாட்டு" என்று கன்னடத்தில் அவசரப்படுத்தினார். ஒரு மணிக்கு மயானத்தில் இருக்க வேண்டும். "பந்தே, வந்துட்டேன்" என்று அவரை அமர்த்திவிட்டு, மாமா மேளக்காரர்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார். "நிறுத்துங்கப்பா. வெளியூர்லேருந்து பொண்ணு பேசுது."

மேளம் நின்றது. மாரடித்துக்கொண்டிருந்த பெண்களும் நிறுத்தினார்கள். அந்தத் தெருவே அமைதியாகிவிட்டது.

"அப்பா..." என்றாள் மலர் அக்கா. கையை நீட்டினாள். உள்ளங்கையில் கொஞ்சம் அரிசி. "அப்பா, நான் மலரு வந்திருக்கேன்..."

நான் தட்டிலிருந்து அரிசியை அள்ளினேன். பெரியப்பாவின் முகத்துக்கு அருகே குனிந்தேன்.

"ஏகாம்பரம் அவர்களே! நீண்ட நேரமாக அசையாமல் இருக்கிறீர்கள். எழுந்து சற்று நடக்கலாமே!"

நாற்காலியில் கிடந்த போன் காலையிலிருந்து அசையவில்லை அல்லவா? முன்பே கூப்பிட்டிருக்கும், மேளத்திலும் அழுகையிலும் யார் காதிலும் விழவில்லை. ஆப் தன் கடமையைச் செய்தது. முழுச் சத்தத்தில் செய்தது. (மலர் அக்கா பேசுவது எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்று சத்தத்தை ஏற்றி வைத்த புண்ணியவதி யார் என்று சொல்ல வேண்டியதில்லை.)

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஹாலில் இருந்த அத்தனை பேரும் ஒரு கணம் பெரியப்பாவைத்தான் பார்த்தோம். நானும் பார்த்தேன். வாசல் பக்கம் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

அப்போது பெரியம்மா வெடித்தாள். "கேளுங்களேன்! நான் சொல்லிச் சொல்லி வாய் நொந்து போச்சு, எனக்கு ஒருநாள் எழுந்திரிக்கல. அவ பேர் சொல்லிக் கூப்புடறாளே, அவளுக்காவது எழுந்திரிங்களேன்! ஐயோ, ஒரே ஒரு வாட்டி எழுந்து நடங்களேன்!"

தூரத்து உறவுகளும் பக்கத்து வீட்டுக்காரர்களும் அதற்கு அப்புறம்தான் உண்மையாக அழுதார்கள்.

ஆப் விடவில்லை. "ஏகாம்பரம் அவர்களே! இன்னும் எழவில்லையா? சோம்பல் வேண்டாமே!"

"அத்த மூடுடி!" என்று அம்மா பல்லைக் கடித்தாள். அரிசிக் கையோடு பாய்ந்து டேப்லட்டைப் பிடித்தேன். அமுக்கினேன், தேய்த்தேன், அரிசி திரையெல்லாம் ஒட்டிக்கொண்டது. ஒருவழியாக அந்தக் குரல் நின்றது. அப்பாடா என்று நிமிர்வதற்குள் மலர் அக்காவின் முகம் மறைந்து, திரை முழுக்கப் பச்சை இலை வந்தது. காலையிலிருந்து ஓடின திரை அல்லவா? அடுத்த ஆப்புக்கும் கடமை இருந்தது.

"கண்களை மூடுங்கள். நிம்மதியாக ஓய்வெடுங்கள்."

குப்பு மாமாவுக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னாடி இது? ஒருத்தி எழுந்திருன்றா, ஒருத்தி கண்ண மூடுன்றா. மொதல்ல ரெண்டு பேரையும் பேசி ஒரு முடிவுக்கு வரச் சொல்லு!"

இப்போது வாசலில் யாரும் இருமலாக மாற்றவில்லை. நேராகவே சிரித்தார்கள்.

இலைக்குக் கீழே எழுத்து ஓடியது: 'நிறுத்த, உரிமையாளரின் கட்டை விரலை வைக்கவும்.' மலர் அக்கா அந்த இலைக்குப் பின்னால் எங்கேயோ கையில் அரிசியோடு நிற்கிறாள் என்பது மட்டும்தான் என் மண்டைக்குள் இருந்தது. அடுத்து நான் செய்ததைப் புத்தியுள்ள யாரும் செய்ய மாட்டார்கள். டேப்லட்டைத் தூக்கிக்கொண்டு போய் பெரியப்பாவின் கட்டிய கைகளுக்குக் கீழே நுழைத்தேன்.

"அடியே, இன்னா பண்ற?" என்றார் மாமா.

"விரல் மாமா. விரல் வெக்கணும்."

"கட்டின வெரலடி அது!"

துணியைச் சற்றே தளர்த்தி, அந்தக் குளிர்ந்த விரலை வைத்து அழுத்தினேன். பம்மென்று ஒரு அதிர்வு. 'பொருந்தவில்லை. மீண்டும் முயற்சிக்கவும்.' மீண்டும் அழுத்தினேன். பொருந்தவில்லை. சீரியல் நேரத்தில் தூக்கக் கலக்கத்தில் நீட்டினால்கூடத் திறந்த விரல் அது. எனக்கு அதுவரை அழுகை வரவில்லை, ஓடியாடிக்கொண்டே இருந்தேன். அந்த எழுத்தைப் படித்த பிறகுதான் பெரியப்பா இனி இல்லை என்பது எனக்கு உறைத்தது. டேப்லட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, சபை நடுவே, ஓவென்று அழுதேன்.

மாமா என் தோளைப் பிடித்து எழுப்பினார். இந்த முறை அதட்டவில்லை. "அரிசியப் போடும்மா. மலரு பேரச் சொல்லிப் போடு. நேரமாச்சு." டேப்லட்டை ஸ்டூல்மேல் வைத்துவிட்டுப் போட்டேன். மலர் அக்கா பார்க்கவில்லை.

தூக்கினார்கள். மேளம் மறுபடி ஆரம்பித்தது. நான் அம்மாவின் போனைப் பிடுங்கி மலர் அக்காவை அழைத்தேன். வேறு அழைப்பில் இருந்தாள். மறுபடி அழைத்தேன். வேறு அழைப்பு. அவள் டேப்லட்டை அழைத்துக்கொண்டிருந்தாள், நான் அவளை அழைத்துக்கொண்டிருந்தேன். "மாமா, ஒரு நிமிஷம் எறக்குங்களேன்!" என்று கெஞ்சினேன். "தூக்கினத எறக்கக் கூடாதும்மா" என்றார். அவரும் அழுதுகொண்டிருந்தார்.

இணைப்புக் கிடைத்தபோது வண்டி தெரு முனையில் திரும்பிக்கொண்டிருந்தது. போனை உயர்த்திப் பிடித்தேன். மலர் அக்கா பார்த்தது வண்டியின் பின்பக்கத்தையும், மழை ஈரத்தில் ஒட்டிக் கிடந்த சாமந்திப் பூவையும்தான். உள்ளே ஸ்டூல்மேல் இலை தானாகவே விலகி, "உங்கள் கண்கள் இப்போது புத்துணர்ச்சியுடன் உள்ளன" என்றது டேப்லட்.

அன்று மாலையே தெரு டீக்கடை வரைக்கும் கதை போய்விட்டது. கருமாதிக்கு வந்தவர்கள் பெரியப்பா எப்படிப் போனார் என்று கேட்கவில்லை. என்னைச் சுட்டிக்காட்டி, "எழுப்பப் பாத்த பொண்ணு இதானா?" என்று கேட்டார்கள். என் கல்யாணத்தன்று, மணவறையில் புகை மூட்டத்தில் நான் அசையாமல் உட்கார்ந்திருந்தபோது, பின்னாலிருந்து குப்பு மாமாவின் குரல்: "சுதா அவர்களே! நீண்ட நேரமாக அசையாமல் இருக்கிறீர்கள்!" எங்கள் பக்கம் அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் திருதிருவென்று விழித்தார்கள்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அப்போது மலர் அக்காவின் முகத்தில் விழிக்கவே எனக்குத் தைரியமில்லை. சில நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். எடுத்ததும், "மன்னிச்சிடு அக்கா" என்றேன்.

"வுடுடி" என்றாள். "அது கூப்ட்டப்ப எல்லாரும் அவரத் திரும்பிப் பாத்தீங்க இல்ல? நானும் பாத்தேன். ஒருவேளை எழுந்திருவாரோன்னு பாத்தேன். அதுக்குள்ள இல போட்டுடுச்சு." பிறகு, "கையில இருந்த அரிசிய என்ன பண்றதுன்னே தெரியல சுதா. மறுநா வரைக்கும் வெச்சிருந்து பால்கனில குருவிக்குப் போட்டேன்" என்றாள்.

கருமாதி முடிந்த அடுத்த வாரம், அந்த இரண்டு ஆப்களையும் அழித்துவிடலாம் என்று மர்பி டவுனுக்குப் போனேன். கண் ஆப்பை அழிக்கும்போது பெரியம்மா தடுக்கவில்லை. (இனி விரல் கொடுக்க யார் இருக்கிறார்கள்?) நடக்கிற ஆப்பில் கை வைத்ததும் டேப்லட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

"சரி, பேரையாவது மாத்திடறேன் பெரியம்மா. சரஸ்வதி அவர்களேன்னு உங்களக் கூப்புடும்."

"வாணாம்டி. இந்த வூட்ல இனிமே அவரு பேர யாரு சொல்லுவா? நான் சொல்ல மாட்டேன். உனக்குப் பெரியப்பா, மலருக்கு அப்பா, குப்புக்கு மாமா. ஆபீஸ்லேருந்து வர்றவங்க 'லேட் ஏகாம்பரம்'ன்றாங்க. இது ஒண்ணுதான் இருக்கறவர கூப்புடற மாதிரி கூப்புடுது. கூப்ட்டுக்கினு போவட்டும்."

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அது கூப்பிட்டது. பெரியம்மா பிரம்பு நாற்காலியில் இருந்த போனை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். ஹாலிலிருந்து அடுக்களை, அடுக்களையிலிருந்து வாசல், மறுபடி ஹால் என்று நடந்தாள்.

"எங்க போறீங்க பெரியம்மா?"

"கூப்ட்டா பதில் சொல்ல வாணாமா?" என்றாள்.

அன்று சாயங்காலம் குடும்பக் குழுவில் மலர் அக்காவிடமிருந்து செய்தி வந்தது. 'அப்பா இன்னிக்கு நடந்துட்டாரு. வாஷிங் மெஷின்ல வெக்காம.'

இன்றைக்கும் அந்தச் செய்தி வருகிறது. குப்பு மாமா கீழே, "உசுரோட இருந்தப்ப இவ்ளோ நடந்திருந்தா இன்னும் இருந்திருப்பாரு" என்று எழுதுவார். வீடே சிரிக்கும். மலர் அக்காவின் பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். அம்மாவின் போனில் வருகிற செய்தியைப் பார்த்துவிட்டு, எனக்கு பெங்களூரில் ஒரு தாத்தா இருக்கிறார், தினமும் வாக்கிங் போவார் என்று வகுப்பில் சொல்லிவைத்திருக்கிறானாம். எங்களில் யாரும் இன்னும் அதைத் திருத்தவில்லை.